பாண்டிக்குச் சரக்கு அனுப்பும் கடலூர் வியாபாரிகளே, ஜிஎஸ்டி லாகினை ஆலோசகர் கையில் விட்டுவிடாதீர்கள்

கடலூர் முதுநகரில் பிளம்பிங் சாமான் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவருக்கு நேர்ந்தது இது. மாதம் 1,500 ரூபாய் கொடுத்து ஜிஎஸ்டி கணக்குக்கு ஓர் ஆலோசகரை வைத்திருந்தார். 2024 மே முதல் 2025 மார்ச் வரை பாண்டியில் உள்ள ஒரு கடைக்கு மாதம் 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு போயிருக்கிறது. எல்லா பில்லிலும் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 9 விழுக்காடு, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 9 விழுக்காடு என்றே போட்டிருந்தார். அந்த பில் மாதிரியைத் தயார் செய்து கொடுத்தவரே ஆலோசகர்தான்.

எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் வேறு மாநிலக் கணக்கு. தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், புதுச்சேரி எண் 34. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரிக்குத் தனி எஸ்ஜிஎஸ்டி உண்டு. ஆகவே 33-இலிருந்து 34-க்குப் போகும் சரக்குக்கு 18 விழுக்காடு முழுவதும் ஐஜிஎஸ்டியாகத்தான் (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி) போடவேண்டும். தூரம் எவ்வளவு குறைவு என்பது கணக்கில்லை. பாகூர் பக்கம் ஓர் ஊர் தமிழ்நாடு, அடுத்த ஊர் புதுச்சேரி என்று மாறி மாறி வரும். அங்கே ஊர்ப் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல் வாங்குகிறவரின் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தையும் சரக்கு இறங்கும் முகவரியையும் பாருங்கள்.

தப்பு வெளியே வந்தது 2025 டிசம்பரில். பாண்டிக் கடைக்காரரின் ஆடிட்டர் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஜிஎஸ்டிஆர்-2பியை (வாங்கிய சரக்குக்கு எவ்வளவு வரி வரவு கிடைக்கும் என்று போர்ட்டல் காட்டும் பட்டியல்) திறந்து பார்த்தார். இந்த பில்கள் எல்லாம் ‘ஐடிசி (வாங்கும்போது கட்டிய வரிக்கான வரவு) கிடைக்காது’ என்ற பகுதியில் இருந்தன. விற்கிறவரின் மாநிலமும் பில்லில் காட்டிய சப்ளை இடமும் 33 ஆகவும், வாங்குகிறவர் 34 ஆகவும் இருந்தால் போர்ட்டல் தானாகவே அப்படி ஒதுக்கிவிடும். கடைக்காரரோ அதைப் பார்க்காமல் மாதாமாதம் வரவு எடுத்துவிட்டார். 11 மாதத்துக்கு 3,96,000 ரூபாய். அதை 18 விழுக்காடு வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டு, மொத்தத்தையும் கடலூர்க்காரருக்குத் தரவேண்டிய பாக்கியில் கழித்துக்கொண்டார். பில்லைத் திருத்தலாம் என்றால், 2024-25 பில்களை ஜிஎஸ்டிஆர்-1இல் (விற்பனை விவர ரிட்டர்ன்) திருத்தும் கெடு 2025 நவம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. ஒரு மாதம் முன்பு தெரிந்திருந்தால் வாங்கினவரின் வரவைக் காப்பாற்றியிருக்கலாம்.

விற்றவருக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. இதே நிலையில் இருப்பவர்கள் கவனியுங்கள். சிஜிஎஸ்டி சட்டம் 77-ஆம் பிரிவு, ஐஜிஎஸ்டி சட்டம் 19-ஆம் பிரிவு இரண்டும் இதற்காகவே உள்ளவை. முதலில் சரியான ஐஜிஎஸ்டியைக் கட்டவேண்டும். அதற்கு வட்டி கிடையாது. பிறகு, தவறாகக் கட்டிய சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியை ஆர்எஃப்டி-01 படிவத்தில் ரீஃபண்ட் கேட்கவேண்டும். ஐஜிஎஸ்டி கட்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும். வரி தனக்கே திரும்பும் என்றாலும் அதுவரை 3,96,000 ரூபாய் முடங்கிக் கிடக்கும். சிறு வியாபாரிக்கு அது பெரிய அடி.

இ-வே பில்லிலும் (சரக்கு வண்டியோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டு) இதே கோளாறு. ‘ஒரு லட்சம் வரை இ-வே பில் வேண்டாம்’ என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். அது தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு. மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேலே போனாலே வேண்டும். 80,000 ரூபாய்ச் சரக்கு ஏற்றிய வண்டி மடக்கப்பட்டது. வரி 14,400, அதன் 200 விழுக்காடு அபராதம் 28,800. ஜாப் ஒர்க்குக்காக (பொருளை இன்னொருவரிடம் கொடுத்து வேலை செய்து வாங்க) எல்லை தாண்டி அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் கட்டாயம்.

காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான குறைந்த விகித வரித் திட்டம்) இருப்பவர் பாண்டிக்கு ஒரு பில் போட்டாலே தகுதி போய்விடும், ஏனென்றால் அத்திட்டத்தில் வெளிமாநில விற்பனைக்கே இடமில்லை. பதிவே எடுக்காத சிறு வியாபாரிகளுக்கும் ஒரு சொல்: தமிழ்நாட்டில் சரக்குக்கு 40 லட்சம் வரை விலக்கு என்பது உள்மாநில விற்பனைக்கு மட்டும். வெளிமாநிலத்துக்கு விற்றால் விற்றுமுதல் எவ்வளவானாலும் பதிவு வேண்டும்.

டிசம்பரில் வியாபாரி கூப்பிட்டபோது ஆலோசகர் போனை எடுக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் ஓடிபி ஆலோசகரின் எண்ணுக்குப் போகிறது. பதிவு செய்யும்போதே தன் மொபைலையும் மின்னஞ்சலையும் போட்டுவைத்திருக்கிறார். இது சர்வசாதாரணமாக நடக்கிறது, இன்றே உங்களுடையதைப் பாருங்கள். லாகின் கையில் இருந்தால் பதிவுத் திருத்தத்தில் ‘நான்-கோர்’ பகுதிக்குப் போய் நீங்களே மாற்றலாம். கையில் இல்லாவிட்டால் ஆதார், பான், பதிவுச் சான்றிதழ், கடை முகவரிச் சான்று எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி வரி அதிகாரியிடம் நேரில் போங்கள். அவரால் மொபைலும் மின்னஞ்சலும் மாற்றித் தரமுடியும்.

இந்த வியாபாரி அப்படி உள்ளே போய்ப் பார்த்தால், ‘கூடுதல் நோட்டீஸ்கள்’ என்ற பகுதியில் 2021-22ஆம் ஆண்டுக்கான டிஆர்சி-01 (வரி கேட்டு வரும் நோட்டீஸ்) செப்டம்பரிலிருந்து கிடக்கிறது. பதில் தரும் கெடு தாண்டிவிட்டது. போர்ட்டலில் ஏற்றுவதையே சட்டம் நோட்டீஸைச் சேர்ப்பிக்கும் வழிகளில் ஒன்றாக ஏற்கிறது. தபால் வரவில்லை என்று சொல்லித் தப்புவது கடினம். உத்தரவு வந்துவிட்டால் 3 மாதத்துக்குள் மேல்முறையீடு, அதற்குத் தகராறுள்ள வரியில் 10 விழுக்காடு முன்கட்டு. நோட்டீஸ் பகுதி, கூடுதல் நோட்டீஸ் பகுதி இரண்டையும் 15 நாளுக்கு ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள்.

வரிப் பணத்தை ஆலோசகரின் ஜிபேக்கு அனுப்பியதுதான் மனதை மிகவும் வருத்துகிறது. கடைசி மூன்று மாதம் ‘கட்டிவிட்டேன்’ என்று அவர் அனுப்பிய சலானில் 14 இலக்க சிபிஐஎன் மட்டும் இருந்தது. அது சலான் உருவாக்கியதற்கான எண், பணம் கட்டியதற்கு அத்தாட்சி இல்லை. கட்டினால்தான் 17 இலக்க சிஐஎன் வரும். சலானை நீங்களே உருவாக்கி உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுங்கள், ஆலோசகருக்குக் கட்டணம் மட்டும் கொடுங்கள். ரிட்டர்ன் போயிருக்கிறதா என்று பார்க்க லாகினே தேவையில்லை. போர்ட்டலின் முகப்பில் வரிசெலுத்துவோரைத் தேடும் இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டால் எந்த மாதம் எந்தத் தேதியில் தாக்கலானது என்ற அட்டவணை வரும். மாதத் தாக்கல்காரர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 11-ஆம் தேதி, 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) 20-ஆம் தேதி. மறுநாள் பார்த்துவிடுங்கள். தொடர்ந்து 6 மாதம் போகாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம்.

நம் ஊரில் கணக்கு பார்க்கிற எல்லோரையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். சிஏ என்றால் ஐசிஏஐ (பட்டயக் கணக்காளர் நிறுவனம்) உறுப்பினர் எண் இருக்கும். ஜிஎஸ்டி பிராக்டிஷனர் (அரசிடம் பதிவு பெற்ற ஜிஎஸ்டி ஆலோசகர்) என்றால் பிசிடி-02 சான்றிதழ் இருக்கும். தயங்காமல் கேளுங்கள். பிராக்டிஷனருக்குப் போர்ட்டலில் சொந்த லாகின் உண்டு. பிசிடி-05 படிவம் வழியாக அவருக்கு அனுமதி கொடுத்தால் உங்கள் பாஸ்வேர்டு இல்லாமலேயே அவரால் வேலை செய்யமுடியும். அந்த அனுமதியை வேண்டும்போது திரும்பப் பெறலாம். இந்த வியாபாரி இப்போது அப்படி ஒருவரை வைத்திருக்கிறார். ஐஜிஎஸ்டியில் பாதியைக் கட்டியிருக்கிறார், மீதிக்குப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிறார்.