என்எஃப்எஸ்ஸில் 17-ஆவது குழு: மேனேஜ்-ஜிட்ஸ் அமைவுடன் மூன்று ஆண்டுகள்

எங்கள் அலுவலகத்தில் ஏறத்தாழ 40 லினக்ஸ் கணினிகள் ஒரே சேமிப்புச் சர்வரை என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) வழியாகப் பயன்படுத்துகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வடிவமைப்பாளரைப் புதிய திட்டக் குழுவில் சேர்த்தேன். அவர் வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகும் அத்திட்டத்தின் கோப்புறையைத் திறந்தால் 'பெர்மிஷன் டினைட்' என்றே வந்தது. அவர் கணினியில், ஒரு பயனரின் குழுக்களைப் பட்டியலிடும் ஐடி கட்டளை அந்தக் குழுவைச் சரியாகக் காட்டியது, கோப்புறையின் அனுமதியும் 770 (உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு அனுமதி) என்றே இருந்தது, சர்வரில் நேரடியாக உள்நுழைந்து பார்த்தால் அதே கோப்புறை தடையின்றித் திறந்தது. இரண்டு நாள்கள் ஏசிஎல்களை (கூடுதல் அனுமதிப் பட்டியல்களை) துருவிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் திறந்துவிடும் 777 அனுமதியைப் போட்டுவிட்டுப் போகச் சொன்னவர்களும் உண்டு.

வலையமைப்புப் போக்குவரத்தைப் பதிவுசெய்யும் வயர்ஷார்க் கருவியில் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது: அவர் தன் முதன்மைக் குழு தவிர 19 துணைக் குழுக்களில் இருந்தார், கோரிக்கையிலோ 16 குழு எண்கள் மட்டுமே சென்றன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980-களில் உருவாக்கிய ஆர்பிசி நெறிமுறையில் (என்எஃப்எஸ் கோரிக்கைகளைச் சுமந்து செல்வது), பயனர் யார் என்று சர்வருக்குச் சொல்லும் ஆத்-சிஸ் சான்றில் அதற்கு மேல் இடமில்லை. என்எஃப்எஸ் 4-ஆம் பதிப்புக்கு மாறினாலும் அதே சான்றைப் பயன்படுத்தும் வரை இந்த வரம்பு தொடரும். லினக்ஸ் கெர்னல் குழு எண்களை ஏறுவரிசையில் வைத்திருப்பதால் பெரிய எண்களே வெட்டுப்படுகின்றன. ஆகவேதான், கடைசியாக உருவாக்கிய குழு முதலில் வேலை செய்யாமல் போகிறது. இதை எந்தக் கணினிப் பதிவும் (லாக்) எச்சரிப்பதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை.

தீர்வு ஒரே வரிதான். சர்வரின் என்எஃப்எஸ் அமைவுக் கோப்பில் மவுண்ட்-டி (கோப்புறைகளை இணைக்கும் கோரிக்கைகளைக் கவனிக்கும் சேவை) பகுதியில் மேனேஜ்-ஜிட்ஸ் என்பதை இயக்கி, அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தேன். அதன்பின் சர்வர், கிளையண்ட் (பயனரின் கணினி) அனுப்பும் துணைக் குழுப் பட்டியலைப் பொருட்படுத்தாமல், பயனர் எண்ணைக் கொண்டு தானே குழுக்களைத் தேடிக்கொள்கிறது. ஆத்-சிஸ்ஸுக்குப் பதிலாகக் கெர்பரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு முறையை வைத்திருந்தால் இந்த வரம்பே குறுக்கிடாது. ஆனால் இந்த ஒரு சிக்கலுக்காக 40 கணினிகளிலும் அதை நிறுவிப் பராமரிக்க எனக்கு மனம் வரவில்லை.

விளைவுகள் மெதுவாகத்தான் தெரிந்தன. கிளையண்டில் மட்டும் உருவாக்கப்பட்டிருந்த சில கணக்குகளைச் சர்வருக்குத் தெரியாது என்பதால், அவற்றுக்கு அதுவரை கிடைத்துவந்த துணைக் குழு அனுமதியும் பறிபோனது. எல்லாக் கணக்குகளையும், அவற்றை ஒரே இடத்தில் வைத்திருக்கும் அடைவுச் சேவையான எல்டாப்புக்குக் கொண்டுவந்த பிறகே அது சீரானது. எல்டாப் சர்வர் திணறிய ஒரு பிற்பகலில், அதனுடன் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் கோப்புறைகளும் திறக்கத் தாமதித்தன. அப்போதுதான் எஸ்எஸ்எஸ்டி என்னும் சேவை வழியாகக் கணக்குத் தகவல்களை உள்ளூரிலேயே சேமிக்கும் ஏற்பாட்டைச் செய்தேன்.

குழு விவரங்களைச் சர்வர் 30 நிமிடங்கள் வரை நினைவில் வைத்திருப்பதால், ஒருவரைக் குழுவில் சேர்த்த உடனே அனுமதி கிடைக்காது. நீக்கினாலும் உடனே போகாது. பணியிலிருந்து விலகுபவர்களைப் பொறுத்தவரை அந்த அரைமணி நேரத்தை என்னால் ஏற்க இயலவில்லை. எனவே, சர்வர் பகிரும் கோப்புறைகளை நிர்வகிக்கும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை மைனஸ் எஃப் தெரிவுடன் இயக்கி அந்த நினைவகத்தைக் காலி செய்வதைக் குழு மாற்றங்களைச் செய்யும் ஸ்கிரிப்டின் கடைசி வரியாகச் சேர்த்துவிட்டேன்.