கட்டுக்கட்டாகவா, கலந்துகட்டியா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. வாத்தியார் நான். எட்டாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியடு. அதற்குள் வாலிபாலில் சர்வீஸ், பாஸ், லிஃப்ட் மூன்றும் பிள்ளைகளுக்குப் படிய வேண்டும். முன்பு இரண்டு வாரம் சர்வீஸ் மட்டும், அடுத்த இரண்டு வாரம் பாஸ் மட்டும் என்று கட்டுக்கட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். போன வருடத்திலிருந்து ஒரே பீரியடில் மூன்றும் கலந்துகட்டித்தான்.

பார்வைக்கு முதல் முறைதான் அழகு. ஒரே வரிசை, ஒரே விசில். கலவையில் பந்து திசைக்கொன்றாக ஓடும், "இப்ப எது சார்?" என்று பத்துக் குரல் கேட்கும்.

ஆனால் லீவு முடிந்து வரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் எனக்குக் கணக்கு. கட்டு முறையில் பத்துக்கு எட்டு சர்வீஸ் போட்ட பிள்ளை, காலாண்டு லீவு கழித்து வந்து பந்தைத் தூக்கிப் போட்டாள். போட்ட உயரம் போதவில்லை. கை வருவதற்குள் பந்து தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. அன்று கச்சான் காற்று வேறு பலமாக அடித்தது. சரி, காற்று என்று விட்டுவிடலாம். ஆனால் பாதி வகுப்பு அப்படித்தான் நின்றது.

1979இல் ஷியா, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மரத்தடுப்புகளைக் கையால் வரிசைப்படி தட்டிவிடும் பயிற்சியில் இதையே கண்டார்கள். பழகும்போது முந்தியவர்கள் கட்டு முறைக்காரர்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தால் கலவைக்காரர்கள். 1986இல் குட், மாகில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேட்மிண்டன் சர்வீஸ் மூன்று வகையை வைத்துப் பார்த்ததிலும் கலவையே மேல். ஒரே அடியை இருபது முறை அடித்தால் முதல் தடவைதான் யோசனை, மிச்சமெல்லாம் நகல். மாற்றி மாற்றி அடித்தால் ஒவ்வொரு முறையும் மனசு முதலிலிருந்து திட்டம் போட்டாக வேண்டும். வீச்சுவலைக்காரர் எவரும் ஒரே இடத்தில், ஒரே காற்றில் இருபது தடவை வீசிப் பழகுவதில்லையே.

என் அனுபவம் ஒரே வகுப்பு, ஒரே வருடம். ஆய்வுக்கூடத்தில் தெரிகிற வித்தியாசம் மைதானத்தில், அதுவும் சிறுபிள்ளைகளிடம், அவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை. பந்தையே தொடாத ஆறாம் வகுப்புக்கு இன்னமும் முதல் இரண்டு வாரம் கட்டு முறைதான். அப்புறம்தான் கலக்கிறேன், அதையும் மூன்று சர்வீஸ், மூன்று பாஸ் என்று சின்னச் சின்னதாக.