மதகுக் கட்டையில் ரெண்டு கோடு

எங்கள் ஊரில் போன் பேச வேண்டுமென்றால் மதகுக்குப் போக வேண்டும். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகிற பக்கம், முள்ளியாற்றுப் பாசனத்தில் இருக்கிற சின்ன ஊர். வீட்டிலிருந்து மதகு அரைக் கிலோமீட்டர் இருக்கும். கட்டையில் உட்கார்ந்தால் ரெண்டு கோடு காட்டும், மேலே ஏறி நின்றால் மூன்று. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே உட்கார இடம் கிடைக்காது. துபாயில் புருஷன் இருக்கிற பெண் ஒரு மூலையில், திருப்பூரில் மகன் வேலை பார்க்கிற பெரியவர் இன்னொரு மூலையில், நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள். யார் வீட்டில் என்ன பிரச்சினை என்பது ஏழரை மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

நான் சிங்கப்பூரில் பதினோரு வருஷமாகக் கேபிள் இழுக்கிறவன். அடுக்குமாடி வீடுகளுக்குக் கண்ணாடியிழை இணைப்புக் கொடுக்கும் ஒப்பந்தக் கம்பெனியில் வேலை. மின்தூக்கிக்குள் நெட் நின்றுபோனால்கூடப் புகார் எழுதுகிற ஊர் அது. போன நவம்பரில் அப்பாவின் திதிக்காகப் பன்னிரண்டு நாள் லீவில் வந்தேன். வந்த அன்றே அம்மா சொன்ன வேலை ஒன்றுதான்: "பென்ஷனுக்கு நான் உசுரோட இருக்கேன்னு காட்டணுமாம்ப்பா. தபால்காரர் வந்தா பண்ணிக்கலாம்."

அப்பா ரயில்வேயில் இருந்தவர். அவர் போனபின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் வருஷா வருஷம் நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் வங்கிக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போடுவார்கள். 2014-இல் ஜீவன் பிரமாண் என்று இணையவழியில் கொண்டுவந்தார்கள். 2021-இலிருந்து ரேகை மிஷின்கூட வேண்டாம், ஆண்ட்ராய்டு போனில் முகத்தைக் காட்டினால் போதும். நெட்வொர்க் வேலை பார்க்கிற மகன் வீட்டில் இருக்கும்போது தபால்காரர் எதற்கு என்று நான் நினைத்தேன். "அஞ்சு நிமிஷ வேலைம்மா" என்றேன். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு நான்கு நாள் ஆயிற்று.

முதல் நாள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து ஆப்பை இறக்கப் பார்த்தேன். நெட் சுத்திக்கொண்டே இருந்தது. கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கொஞ்சம் பரவாயில்லை என்று பக்கத்து வீட்டு அத்தாச்சி சொன்னதால் அங்கே போய் நின்றேன். சாணி வாசனையும் கொசுவுமாக முக்கால் மணி நேரம் நின்று அதற்கு வேண்டிய ரெண்டு ஆப்பையும் இறக்கினேன். அதற்குள் இருட்டிவிட்டது. முகத்தைப் பார்க்க வெளிச்சம் இல்லை.

மறுநாள் காலை அம்மாவை மதகுக்கு நடத்திக் கூட்டிப் போனேன். எழுபத்து நாலு வயசு, முழங்கால் வலி. சரிபார்க்கிறவர் என்று முதலில் என் ஆதாரைக் கொடுக்க வேண்டும், என் முகத்தைக் காட்ட வேண்டும், பிறகுதான் அம்மாவுடையது. நடுநடுவே ஓடிபி. என்னுடைய பழைய இந்திய நம்பர் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டுச் செத்துப்போனது, அதனால் அம்மாவின் பட்டன் போன் நம்பரைக் கொடுத்திருந்தேன். அந்தப் போன் வீட்டில் சாமி அலமாரியில் இருந்தது. ஓடிப் போய் எடுத்து வந்தேன். ஓடிபி வந்தது, ஆனால் அது காலாவதியாகி ஒரு நிமிஷம் ஆகியிருந்தது. திரும்பக் கேட்டேன். என் முகம் தேறியது. அம்மாவின் முகத்துக்குப் போனைத் தூக்கிப் பிடித்து, "கண்ணை மூடித் திறம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரெண்டு கோடும் போய்விட்டது. மணி பதினொன்றரை. அன்றைக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதுக்கே கரண்டை எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. கட்டையில் இருந்த பெரியவர் சொன்னார்: "இனிமே அஞ்சு மணிக்குத்தாந் தம்பி. டவருல பேட்டரி உக்காந்துருச்சு."

அவர் சொன்னது முழுக்கச் சரி. கரண்டு போனால் டவர் பேட்டரியில் ஓடும். பேட்டரி புதிதாக இருந்தால் சில மணி நேரம் தாங்கும், பழசென்றால் அதுவும் இல்லை. அதற்கப்புறம் ஜெனரேட்டர் ஓட வேண்டும். அதற்கு டீசல் வேண்டும், போட ஆள் வேண்டும். நகரத்தில் ஒரு டவர் நின்றால் பக்கத்து டவர் தாங்கிக்கொள்ளும். எங்கள் பக்கம் அடுத்த டவர் எட்டவே எட்டாது.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. எங்கள் ஊர் தட்டையான வயல்வெளி. மலை கிடையாது, மறைக்கிற கட்டடம் கிடையாது. ராத்திரியில் டவரின் சிவப்பு விளக்கு மதகிலிருந்து பளிச்சென்று தெரியும். பிறகு ஏன் கோடு காட்டியும் கால் போகவில்லை? டவர் பல பத்து வாட் சக்தியில் கத்துகிறது, அது நமக்குக் கேட்கிறது, கோடு காட்டுகிறது. நம் 4ஜி கைப்போன் திருப்பிப் பேசுவதோ அதிகபட்சம் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அது அவ்வளவு தூரம் தென்னந்தோப்புகளைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். மதகுக் கட்டைமேல் ஏறி நிற்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் எங்கே நிற்க வேண்டுமென்று என்னைவிட நன்றாகத் தெரியும்.

தென்னந்தோப்பு என்றதும் கஜா புயல் ஞாபகம். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அந்தத் தோப்புகளில் பாதிக்கு மேல் அன்றைக்குச் சாய்ந்தவைதான், இப்போது நிற்பது பிறகு வைத்த கன்று. கம்பம், கம்பி, டவர் எல்லாம் போய்விட்டன. சிங்கப்பூர் விடுதியில் ஒரு அறைக்குப் பத்துப் பேர், அதில் நாலு பேர் டெல்டாக்காரர்கள். ஐந்து நாள் யார் வீட்டுக்கும் கால் போகவில்லை. ஐந்தாம் நாள் மன்னார்குடியிலிருந்து யாரோ ஒருவர் போனில் அம்மா பேசினார், "கூரை போயிருச்சு, நாங்க இருக்கோம்" என்று. தந்தியாவது இருந்ததா என்றால் அதையும் 2013 ஜூலையோடு மூடிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து வங்கிக்கே போனோம். போக வர நானூற்று ஐம்பது ரூபாய். அங்கே நீளமான வரிசை, எல்லோரும் அம்மா வயசுக்காரர்கள். "சர்வர் ஸ்லோ சார், மத்தியானத்துக்கு மேல பாருங்க" என்றார் கவுன்டரில் இருந்த பெண். கோபம் வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை. காலையிலிருந்து அதையே நூறு பேருக்குச் சொல்லியிருப்பார். அம்மாவுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டி வந்தேன்.

சும்மா இருந்த நேரத்தில் ஊரைச் சுற்றிப் பார்த்ததில், எது எதெல்லாம் மதகைத் தேடி வருகிறது என்று புரிந்தது. நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவு தினமும் ரெண்டு தடவை போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும், 2023 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். வெட்டுகிற இடத்தில் போட்டோ எடுத்துவிட்டு, ஏற்றுவதற்குப் பொறுப்பாளர் பெண் சைக்கிளில் மதகுக்கு வருகிறார். ரேஷன் கடையில் ரேகை விழுந்தாலும் மிஷின் சுத்திக்கொண்டே நிற்கிறது, மூட்டையை அளந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கேஸ் பதிய ஒரு தடவை, அதை வாங்கும்போது நம்பர் சொல்ல ஒரு தடவை. கடையில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது, கடைக்காரர் "காசா இருந்தா குடுங்க தம்பி" என்கிறார்.

ஊராட்சிக் கட்டடத்துக்கும் போய்ப் பார்த்தேன், தொழில் புத்தி. தமிழ்நாட்டில் திட்டம் போட்டபோது இருந்த 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை கொண்டுபோவது என்று முடிவு. யோசனை நல்ல யோசனைதான், கேபிள் வந்துவிட்டால் டவரைக்கூட அதில் கோத்துவிடலாம். எங்கள் ஊருக்கும் மின்கம்பத்தோடு கம்பமாகக் கறுப்புக் கேபிள் வந்திருக்கிறது. ஆனால் வாய்க்கால் தூர்வார வந்த ஜேசிபியின் கை பட்டு ஒரு இடத்தில் அறுந்து கிடக்கிறது. முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அறுந்த இழையை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மிஷின் இருந்தால் அரை மணி நேர வேலை. மிஷின் சிங்கப்பூரில், கம்பெனி வேனில் இருக்கிறது. அறுந்து எத்தனை நாள் என்று கேட்டேன். "ஆடிப்பெருக்குக்கு முன்னாடி" என்றார்கள்.

நான்காம் நாள் தபால்காரர் வந்தார். வீட்டுக்கே வந்து உயிர்ச்சான்று எடுக்க எழுபது ரூபாய். ரெண்டு கம்பெனி சிம் போட்ட போன், கூடவே சின்ன ரேகை மிஷின். நடவு நட்டு, களை பறித்துத் தேய்ந்த கை, அம்மாவுக்கு ரேகை விழவில்லை. "வாங்கம்மா, மதகுக்கே போயிருவோம்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அம்மாவின் நடைக்கு நடந்து வந்தார். வெயிலுக்கு முதுகைக் காட்டி அம்மாவை உட்கார வைத்து, தன் தொப்பியால் போனுக்கு நிழல் பிடித்தார். அம்மா கண்ணை மூடித் திறந்தார். மூன்று நிமிஷம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ரெண்டு விஷயம். இந்திய நம்பரைச் சாகவிடாதீர்கள். வங்கியிலும் ஆதாரிலும் அந்த நம்பர்தான் இருக்கிறது. மாற்றப் போனால் லீவு முழுக்க அதிலேயே போய்விடும். அடுத்தது, பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர்களுக்கு 28 நாள் நெட் பேக் போட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். பேச்சும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டுமென்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது, இப்போது 84 நாளுக்கும் 365 நாளுக்கும் இருக்கிறது. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்க வேண்டும். அம்மாவுக்கு வருஷத்துக்கானதைப் போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. அத்தாச்சி நம்பருக்குப் போட்டேன், உடனே எடுத்தார், பின்னால் ஒரே சத்தம்.

"மதகுலதான் இருக்கேன் தம்பி. உங்க அம்மா குடைய எடுத்துக்கிட்டு வந்துகிட்டே இருக்காங்க, இங்கேருந்து தெரியுது. வச்சிட்டு ஒரு பத்து நிமிஷம் கழிச்சுப் போடுங்க."