செங்கல் அறுக்க மார்பிள் கட்டரா, தண்ணீர்த் தொட்டி வைத்த டேபிளா?

வீட்டுக் கொல்லையில் செங்கல் நடைபாதை போட்டோம். மீன்முள் அடுக்கு. இரண்டு ஓரத்திலும் கல்லை 45 டிகிரி சாய்வில் அறுத்தாக வேண்டும். முதலில் மார்பிள் கட்டரைத்தான் எடுத்தேன். பத்தே நாளில், பிளேடு மேசையிலேயே பொருத்தியிருக்கும், அடியில் தண்ணீர்த் தொட்டி உள்ள பழைய டேபிள் கட்டர் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டேன்.

மார்பிள் கட்டர் மலிவு, கைக்கு அடக்கம். ஏற்கெனவே கட்டிய சுவரில் வெட்ட வேண்டுமென்றால் அதுதான் வழி. பத்து இருபது கல்லோடு வேலை முடியும் என்றாலும் அதுவே போதும்.

ஆனால் 4 இஞ்ச் பிளேடு ஏறக்குறைய 34 மில்லிமீட்டர்தான் இறங்கும். செங்கல்லோ 3 இஞ்ச் கனம், அதாவது 76 மில்லிமீட்டர். மேலே ஒரு வெட்டு, புரட்டிப் போட்டு இன்னொரு வெட்டு, நடுவில் மிஞ்சுவதை உளியால் தட்ட வேண்டும். இரண்டு வெட்டும் ஒரே நேரில் அமையாவிட்டால் ஓரம் பிசிறு தட்டும். டேபிளில் 14 இஞ்ச் பிளேடு. ஒரே தள்ளில் கல் இரண்டாகிறது. சாய்வுக் கட்டையை ஒருமுறை இறுக்கினால் நூறு கல்லும் ஒரே கோணம்.

இருந்தாலும் என்னை மாற்றியது தண்ணீர்தான். செங்கல் பொடியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும்; வந்த பிறகு அதைக் குணமாக்க மருந்து கிடையாது. அதனால் உலர்வாக அறுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. என் மார்பிள் கட்டரில் தண்ணீர்க் குழாய் இல்லை. மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலோடு மனைவி பக்கத்தில் நின்று ஊற்றினார். பாதித் தண்ணீர் பிளேடில், மீதி என் கையிலும் மோட்டாரிலும். ஒரு நாள் கரண்ட் அடித்துக் கை சுள்ளென்றது. அன்றோடு அதை மூட்டை கட்டினேன்.

டேபிளில் பம்ப் நேராக பிளேடுக்கே தண்ணீர் தருகிறது. அதற்கு ஈடாகப் பராமரிப்பு கேட்கும். அரைமணி ஓட்டினாலே தொட்டி செம்மண் குழம்பாகிவிடும். அதை உறிஞ்சினால் பம்ப் அடைத்துக்கொள்ளும். நான் பம்பைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தனி வாளியில், ஒரு அரைச் செங்கல் மேல் உட்கார வைத்தேன். தொட்டியில் வழிவது இன்னொரு வாளிக்குப் போகும். ராத்திரி முழுக்க விட்டால் சேறு அடியில் படிந்து, காலையில் மேல்தண்ணீர் தெளிந்திருக்கும். அதையே மொண்டு திரும்ப ஊற்றலாம்.

மின்சாரத்துக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஈரத்தில் அறுத்தாலும் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லை நாலைந்துதான் அறுத்துப் பார்த்தேன்; நான் சொன்னதெல்லாம் சூளைச் செங்கல்லுக்கு. சேற்றை மட்டும் வீட்டுச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இறுகிவிடும். நாங்கள் காயவைத்துச் சாக்கில் கட்டி, பாதைக்கு அடியிலேயே நிரப்பினோம்.