நோயாளிகளுக்கு வாசித்துக் காட்ட எது நல்லது: குழுவா, தனி ஆளா, ஒலிப்புத்தகமா?

செலவை மட்டும் பார்த்தால் ஒலிப்புத்தகம்தான் ஜெயிக்கும். ஒரு ஹெட்போன் போதும், தன்னார்வலரைத் தேட வேண்டாம், பயிற்சி தர வேண்டாம். ஆனால் கேட்பவர் முகம் மாறினால் அது நிறுத்தாது. எனக்கு அதுதான் பெரிய குறை.

குழு வாசிப்புக்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் லிவர்பூலில் இருக்கிறது. ஜேன் டேவிஸ் தொடங்கிய 'தி ரீடர்' என்ற தொண்டு நிறுவனம், மனநல வார்டுகள் உட்படப் பல இடங்களில் இதை நடத்தியிருக்கிறது. யாரும் முன்கூட்டியே எதையும் படித்துவிட்டு வர வேண்டாம். ஒரு சிறுகதையையோ நாவலின் ஒரு பகுதியையோ, கூடவே ஒரு கவிதையையோ அங்கேயே சத்தமாக வாசிப்பார்கள், நடுநடுவே நிறுத்துவார்கள், தோன்றியதைப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். "உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்" என்று யாரும் கேட்பதில்லை, கதையில் வரும் ஒருவரைப் பற்றிப் பேசப் போய் தன்னைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அதே ஊரில் தீராத வலி உள்ளவர்களிடம் ஒரு ஒப்பீடும் நடந்தது. ஒரு குழுவுக்கு 5 வாரம் சிபிடி என்கிற உளவியல் சிகிச்சை, இன்னொன்றுக்கு 22 வாரம் குழு வாசிப்பு. சிபிடி, வலியோடு வரும் உணர்ச்சிகளைச் சமாளிக்க வழிமுறைகளைத் தந்தது. வாசிப்போ அந்த உணர்ச்சிகளை வார்த்தையாக்க இடம் கொடுத்தது. மிகச் சிறிய ஆய்வு, கால அளவும் சமமில்லை, அதனால் எது மேல் என்று இதை வைத்து அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் 22 வாரம் என்பதைக் கவனியுங்கள். மூன்றே நாளில் டிஸ்சார்ஜ் ஆகிற பொது வார்டில் அப்படி ஒரு குழு சேரவே சேராது.

அங்கேதான் தனி ஆள் வாசிப்பு. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டயாலிசிஸ் பிரிவு. பெரும்பாலானோருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம், ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது, ஒற்றைக் கையில் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்டுவது பெரும்பாடு. அதே ஆட்கள் அதே நேரத்தில் திரும்பத் திரும்ப வருவதால் நாவலைக்கூடத் தொடராக வாசிக்கலாம், விட்ட இடம் இருவருக்கும் தெரியும். கண் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் வாசிக்கட்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். ஊசியையும் மாத்திரையையும் மறுக்க முடியாமல் கிடப்பவருக்கு, நம்மை மறுப்பதாவது சுலபமாக இருக்கட்டும். அப்புறம், நாம் நல்லது என்று நினைக்கிற புத்தகத்தைத் திணிக்கக் கூடாது. அவர் தினத்தந்தி கேட்டால் தினத்தந்திதான்.

ஒலிப்புத்தகத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. பிரிட்டனில் மருத்துவமனை வானொலி 1925இல் யார்க் நகரில் தொடங்கியதாகச் சொல்வார்கள், படுக்கையில் கிடப்பவருக்குக் குரல் வேண்டும் என்பது அப்போதே புரிந்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராதவரிடம் எந்தத் தன்னார்வலரும் போக முடியாது, அந்த நேரத்துக்கு ஹெட்போன் சரி. பகலில், ஆள் கிடைக்கிற வார்டில், அதைக் கொடுத்து ஆளைத் தவிர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். மாதக்கணக்கில் தங்குபவர்கள் என்றால் குழு, மற்ற எல்லோருக்கும் தனி ஆள்.