வெர்னியரா, மைக்ரோமீட்டரா, டிஜிட்டலா? ஒரு 25 மி.மீ. ஷாஃப்ட்டை வைத்துப் பார்ப்போம்

6205 என்ற எண் கொண்ட பேரிங்கின் உள்விட்டம் 25 மி.மீ. அது ஷாஃப்ட்டில் (சுழலும் தண்டில்) இறுக்கமாக உட்கார வேண்டுமானால், வரைபடத்தில் பெரும்பாலும் 25 கே6 என்று போட்டிருப்பார்கள். அளவு எதற்குள் இருக்க வேண்டும் என்பதற்கான குறியீடு அது: 25.002-க்குக் கீழே போகக் கூடாது, 25.015-ஐத் தாண்டக் கூடாது. மொத்த இடமே 13 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது 0.001 மி.மீ.). இதை எந்தக் கருவியால் அளப்பது?

முதலில் வெர்னியர் காலிப்பர். 1631-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் வெர்னியே வெளியிட்ட யோசனை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. முதன்மைக் கோலின் 49 மி.மீ. நீளத்தை நகரும் கோலில் 50 பாகமாக்கினால் ஒரு பாகம் 0.98 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 0.02, அதுதான் மீச்சிற்றளவு, அதாவது கருவியால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு. (பள்ளிக்கூட வெர்னியரில் 9 மி.மீ.க்கு 10 பாகம், அதனால் 0.1.) எந்தக் கோடு ஒன்றிப் போகிறது என்று குழப்பமாக இருந்தால் அந்தக் கோட்டையே முறைத்துப் பார்க்காதீர்கள். அதன் இரண்டு பக்கத்துக் கோடுகளையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு உள்பக்கமாக ஒதுங்கியிருந்தால் நடுவில் இருப்பதுதான் சரியான கோடு.

வெளிவிட்டம், உள்விட்டம், ஆழம் எல்லாம் இந்த ஒரே கருவியில் எடுக்கலாம். பேட்டரி வேண்டாம், கூலன்ட் தண்ணி பட்டாலும் துடைத்துவிட்டு அளக்கலாம். ஆனால் நம் ஷாஃப்ட்டுக்கு இது ஆகாது. 13 மைக்ரானை 20 மைக்ரான் படியில் எப்படிப் பிடிப்பது?

டிஜிட்டல் காலிப்பர் 0.01 வரை காட்டுகிறதே என்பார்கள். நானும் அதை நம்பி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். திரையில் 25.01 என்று வந்தது, பேரிங்கோ கையால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. மைக்ரோமீட்டரில் பார்த்தால் 24.99. திரை காட்டும் கடைசி இலக்கம் வேறு, கருவியின் துல்லியம் வேறு. 150 மி.மீ. டிஜிட்டல் காலிப்பர்களில் ±0.02 பிழை சாதாரணம். வேகமாக நிறைய அளக்க அது நல்ல கருவிதான், ஃபிட்டிங் வேலைக்கு வேண்டாம்.

காரணம் காலிப்பரின் அமைப்பிலேயே இருக்கிறது. அளவுகோல் ஒரு கோட்டில், பொருள் வேறொரு கோட்டில். நகரும் தாடை லேசாகச் சாய்ந்தாலே அளவு மாறும். ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1890-இல் சொன்ன விதி இதுதான்: அளவுகோலும் அளக்கப்படும் நீளமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். காலிப்பரில் அளந்தே ஆக வேண்டுமென்றால், பொருளைத் தாடையின் நுனியில் வைக்காமல் கோலை ஒட்டி உள்ளே தள்ளி வையுங்கள்.

மைக்ரோமீட்டரில், அதாவது பாடப்புத்தகத்தின் திருகு அளவியில், திருகும் பொருளும் ஒரே கோட்டில் இருக்கின்றன. புரியிடைத் தூரம் (ஒரு சுற்றுக்குத் திருகு நகரும் தூரம்) 0.5 மி.மீ., தலைக்கோலில் 50 பிரிவு, ஆக 0.01. குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் நழுவிவிடும் ராட்செட் இருப்பதால் யார் திருகினாலும் ஒரே அழுத்தம். புதிதாகக் கற்பவர்கள் அரை மில்லிமீட்டர் கோட்டைத் தவறவிடுவார்கள், அங்கே மட்டும் கவனம். நம் 13 மைக்ரானுக்கு 0.01-கூடக் கொஞ்சம் பருமன்தான். உருளையின் மேல் வெர்னியர் கோடுகளும் போட்ட, 0.001 காட்டும் மைக்ரோமீட்டரே என் தேர்வு. பாருங்கள், அங்கேயும் வெர்னியேயின் யோசனைதான் கைகொடுக்கிறது.

இன்னொன்று, 0–25 மைக்ரோமீட்டரை எடுத்தால் 25.01 அதில் ஏறாது. 25–50 எடுத்து, கூடவே வரும் 25 மி.மீ. கட்டையை வைத்துச் சுழிப்பிழை (தொடக்க அளவே தள்ளிக் காட்டுகிறதா என்று) பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், கடைசல் முடிந்த சூட்டோடு அளக்காதீர்கள். அளவெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்குச் சொல்லப்பட்டவை. 25 மி.மீ. எஃகு ஷாஃப்ட் அதைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெருத்திருக்கும். கையில் இருக்கும் 13-இல் பாதி அங்கேயே போய்விடும்.