மூன்று ஆண்டுகளாக ஒரே மட்டக்கோல்: வீட்டிலேயே ஃப்ரெட் சமன் செய்த அனுபவம்

கடந்த மூன்று ஆண்டுகளில் நான்கு கிட்டார்களின் ஃப்ரெட்களை (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்) வீட்டு மேசையிலேயே சமன் செய்திருக்கிறேன். நான்குக்கும் ஒரே கருவிதான். தந்திகளைக் கழற்றாமலேயே அவற்றுக்கு அடியில் நுழைத்துத் தேய்க்கக்கூடிய ஒல்லியான அலுமினிய மட்டக்கோல் அது. அடிப்பக்கத்தில் உப்புத்தாளை நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். யார் கேட்டாலும் தயங்காமல் வாங்கச் சொல்வேன். ஆனால் வாங்கிய அன்றே தேய்க்க உட்கார வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்வேன்.

இந்த வகையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தந்திகளைக் கழற்றியதும் கிட்டாரின் கழுத்து தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. இழுவிசை இல்லாத கழுத்தில் சமமாகத் தேய்த்த ஃப்ரெட்கள், மறுபடி தந்தி ஏற்றிச் சுருதி கூட்டியதும் அதே சமத்தில் நிற்கும் என்ற உறுதி இல்லை. தந்திகள் முழுச் சுருதியில் இருக்கும்போதே கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடைத் திருப்பிக் கழுத்தை நேராக்கித் தேய்த்தால், வாசிக்கும் நிலையிலேயே வேலை நடக்கிறது. சிரமம் என்னவென்றால் கோல் நுழைவதற்காகப் உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை உயர்த்த வேண்டும், ஒவ்வொரு தந்தியாக ஒதுக்கித் தேய்க்க வேண்டும். நேரம் பிடிக்கும். எனக்கு ஒரு கிட்டாருக்கு ஒரு முழு நாள் ஆகிறது.

முதல் கிட்டாரில் பட்ட பாடுதான் அதிகம் கற்றுக்கொடுத்தது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் தந்தி கரகரத்தது. அழுத்தும் இடத்தில் கரகரத்தால் கோளாறு பெரும்பாலும் அந்த ஃப்ரெட்டில் இருக்காது. அதற்கு அடுத்து உடல் பக்கமாக இருக்கும் ஏதோ ஒன்று தூக்கிக்கொண்டிருக்கும். மூன்று ஃப்ரெட்கள் மேல் மட்டும் உட்காரும் குட்டை எஃகுத் தகடு ஒன்றை வைத்துப் பார்த்தேன். பதினான்கின் மேல் அது ‘டக் டக்’ என்று ஆடியது. மார்க்கர் பேனாவால் ஃப்ரெட்களின் தலையில் மை பூசிக் கோலை ஓட்டினேன். மை எல்லா இடத்திலும் அழிந்தது, தகடும் ஆடவில்லை. ஆனால் தந்தியை மீட்டினால் அதே கரகரப்பு. மறுநாள் காலையில் தகடு திரும்பவும் ஆடியது. இன்னொரு முறை தேய்த்தேன், அதே கதை.

பிறகு ஒரு மரக்குச்சியால் பதினான்காம் ஃப்ரெட்டின் ஓரத்தை அழுத்திப் பார்த்தேன். ஃப்ரெட்டுக்கும் அது பதிந்திருக்கும் விரல்பலகைக்கும் நடுவே தேங்கியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு மெல்லிய கோடாகக் கசிந்து வெளியே வந்தது. விட்டதும் உள்ளே போனது. ஃப்ரெட் பலகையில் உட்காரவே இல்லை! கோலின் எடையில் அமுங்கி, தேய்த்து முடித்ததும் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு, மரக்கட்டை வைத்து இறுக்கிப் பிடித்து ஒட்டினேன். கரகரப்பு போயிற்று. ஆனால் தேவையில்லாமல் இரண்டு முறை தேய்த்த உலோகம் திரும்பி வராது. அன்றிலிருந்து எல்லா ஃப்ரெட்களின் இரு ஓரங்களையும் அழுத்திப் பார்க்காமல் கோலைக் கையில் எடுப்பதில்லை. இரண்டாவது கிட்டாரில் தளர்ந்திருந்த ஓரங்களை ஒட்டியதுமே பாதிக் கோளாறு தீர்ந்துவிட்டது.

தேய்ப்பது எளிது. 320 எண் உப்புத்தாளில் தொடங்கி 400இல் முடிக்கிறேன். கோலின் எடையே போதும், கையால் அழுத்தக் கூடாது. எல்லா ஃப்ரெட்டின் தலையிலும் மை தொட்டு அழிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்களை மட்டும் மறக்காமல் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். உலோகத் தூள் உள்ளே போகக் கூடாது. மெருகேற்ற ஸ்டீல் நார் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதன் துகள்களைப் பிக்கப்பின் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான். தேய்த்த ஃப்ரெட்டின் தலை தட்டையாகிவிடும். தட்டைத் தலையில் தந்தி நடுவில் நிற்காமல் முன் விளிம்பில் நிற்பதால் சுருதி சற்றே விலகும், ஒலியும் மழுங்கும். தலையை மறுபடி வளைவாக்கக் கிரௌனிங் அரம் வேண்டும். திரும்பவும் மை பூசி, இரு பக்கமும் அரத்தால் வழித்துக்கொண்டே போனால் மையின் பட்டை ஒடுங்கிக்கொண்டே வரும். நூல் அளவு மை நடுவில் மிச்சம் இருக்கும்போதே நிறுத்துகிறேன். அந்த நூலும் அழிந்துவிட்டால் சமன் செய்த உயரம் குறைந்துவிடும். சரிபார்க்க அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்வாகப் பிடிப்பேன். தட்டையான இடத்தில் வெளிச்சம் அகலமாக விழும், வளைவான இடத்தில் மெல்லிய கோடாக ஓடும். கடைசியில் 600 முதல் 2000 வரை உப்புத்தாள்களால் மெருகேற்றினால் தந்தியை வளைக்கும்போது அது ஃப்ரெட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழவழப்புக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

கருவியைப் பற்றிய குறைகளையும் சொல்ல வேண்டும். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிய தாள் ஓரங்களில் சுருண்டுகொள்கிறது. ஒவ்வொரு கிட்டாருக்கும் புதுத்தாள் ஒட்டுவதே நல்லது, பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்த பிறகு. இரண்டாம் ஆண்டில் கோல் ஒருமுறை கீழே விழுந்து மூலையில் ஒரு பிசிறு எழும்பியது. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடிப் பலகையில் வைத்தபோதுதான் கோல் ஆடியது. நயமான அரத்தால் அந்தப் பிசிறை மட்டும் எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் வைத்துப் பார்த்த பின்பே தொடங்குகிறேன். மூன்றாவது கிட்டாரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃப்ரெட்கள். வழக்கமான நிக்கல் சில்வரில் வெள்ளி கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அது மென்மையாகத் தேயும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ தாளைத் தின்றுவிடுகிறது. மும்மடங்கு தாள் செலவானது, கிரௌனிங்கிற்கு வைர அரம் வாங்க வேண்டியதாயிற்று.

முதல் கிட்டார் இன்றும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 1.5 மி.மீ. தந்தி உயரத்தில் கரகரப்பின்றி நிற்கிறது. இந்த மூன்று ஆண்டுகளில் ட்ரஸ் ராடை இரண்டு முறை திருப்பியதோடு சரி. நான்காவது கிட்டாரின் நிலை வேறு. அது பழையது, வேலை முடிந்தபோது அதன் தாழ்வான ஃப்ரெட்கள் 0.7 மி.மீ. உயரத்துக்கு வந்துவிட்டன. அதில் இனி கோலை வைக்கப்போவதில்லை. அடுத்த முறை கரகரத்தால் புது ஃப்ரெட்கள்தான்.